கோபத்தில் இருப்பவரிடம் புத்திமதி எடுபடாது

எல்லாருக்கும் வணக்கம். மாங்காய் சீசன் நேரத்தில், வேலையை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், ஓசூர் சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் பிடித்து ஷிப்ட் போகிறவர்கள் இருக்கிறீர்கள், பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடும் அம்மாக்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாரிடமும் யாராவது ஒருவர், "டென்ஷன் ஆகாதப்பா, பொறுமையா இரு" என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டு டென்ஷன் குறைந்த ஒரு ஆளையாவது பார்த்திருக்கிறீர்களா? கூடத்தான் செய்யும். ஏன் கூடுகிறது என்று மூளை ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது முன்னால் போகிற லாரி சட்டென்று பிரேக் போடுகிறது. உங்கள் கால் பிரேக்கை மிதித்து முடித்த பிறகுதான் "ஐயோ" என்ற நினைப்பே வருகிறது, நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆபத்து என்றால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால் மூளையில் அதற்கென்று ஒரு குறுக்கு வழியே இருக்கிறது. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில், இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலா என்ற பகுதி உட்கார்ந்திருக்கிறது. ஒரு சத்தம் கேட்டால், அது என்ன சத்தம் என்று மூளையின் மேல்பகுதி ஆராய்ந்து முடிப்பதற்குள் இதற்குத் தகவல் போய்விடுகிறது. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை வைத்து இந்தப் பாதையைக் காட்டினார். அமிக்டலா மணி அடித்ததும் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு பாய்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வயிற்றில் செரிமானம் நின்றுபோகிறது.

சரி, தொப்பூரில் இது உயிரைக் காப்பாற்றுகிறது. மண்டியில் என்ன செய்கிறது?

காலையிலிருந்து ஆள் வைத்துப் பறித்த மாங்காயைக் கொண்டுபோய் இறக்குகிறீர்கள். எடை போடுகிறவர் இரண்டு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு விலை சொல்கிறார். கழிவு வேறு. காது சூடாகிறது, தாடை இறுகுகிறது, நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கிறீர்கள். அட்ரினலின் சீக்கிரம் இறங்கிவிடும், ஆனால் கார்டிசால் என்று இன்னொரு சுரப்பு இருக்கிறது, அது உச்சத்துக்குப் போகவே சுமார் 20, 30 நிமிடம் ஆகும். அதாவது நீங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிற நேரம். குழந்தை தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுகிறது, அடி விழுகிறது. அந்த அடி மண்டியில் பிறந்தது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் "பொறு, யோசி" என்று சொல்கிற பகுதி. மன அழுத்தம் தலைக்கேறும்போது முதலில் தளர்ந்துபோவது இந்தப் பகுதிதான் என்று யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருடமாக ஆய்வு செய்து காட்டியிருக்கிறார். புத்திமதியைக் கேட்டு நடக்கவேண்டிய பகுதியே சோர்ந்து கிடக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இப்போதே மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், நாடி கொஞ்சம் வேகமாகும். நிதானமாக விடுங்கள், மெதுவாகும். இளவட்டங்களின் நாடியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மூச்சை விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், 4 எண்ணி இழுத்தால் 6 எண்ணி விடுங்கள், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அதிலேயே உட்கார்ந்தபடி, 5 நிமிடம். அப்புறம் உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். 2007-இல் மாத்யூ லீபர்மேன் குழுவினர் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். கோபமான முகம், பயந்த முகம் என்று படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெயரிட்டபோது அமிக்டலாவின் வேகம் குறைந்தது, முன்மூளையில் ஒரு பகுதி வேலை செய்ய ஆரம்பித்தது. நம் வீட்டு ஆண்களுக்குக் கோபம் ஒன்றுதான் தெரிந்த உணர்ச்சி. தோண்டிப் பார்த்தால் அவமானம் இருக்கும், பெண் கல்யாணத்துக்கு வாங்கின கடனை எப்படி அடைப்பது என்ற பயம் இருக்கும். "இன்னைக்கு மண்டியில எனக்கு ரொம்ப அவமானமா போச்சு" என்று மனைவியிடம் சொல்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. கத்தித் தீர்த்தால் பாரம் குறையும் என்று நினைக்காதீர்கள், கத்தினால் கோபம் வளரத்தான் செய்கிறது.

சிப்காட் தம்பிகளுக்கு ஒன்று. அதே 2007-இல் வந்த இன்னொரு ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மோசமான படங்களைக் காட்டியபோது, தூங்கினவர்களைவிட அமிக்டலா ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாகக் கொதித்தது. வாரத்துக்கு வாரம் ஷிப்டை மாற்றிப் போட்டுவிட்டு, அதே தொழிலாளிக்கு மன அமைதி வகுப்பு நடத்துவது நியாயமே இல்லை, இதை எந்த மேடையிலும் சொல்வேன். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவரை ரேஷன் கடைக்குப் போகச் சொல்லி எழுப்பாதீர்கள் அக்கா. ஜன்னலில் கனமான துணி ஒன்றைக் கட்டுங்கள், அவர் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சியால் மாங்காய் விலை ஏறாது, பயிர்க்கடனும் குறையாது. அதை மறைத்துவிட்டு மனதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அடுத்த லோடை எந்தக் கூழ் ஆலைக்கு அனுப்பலாம், பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து விலை பேசலாமா என்று யோசிக்க அந்த முன்மூளை தெளிவாக இருந்தாக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மூச்சுப் பயிற்சியை நம்பி உட்காரக் கூடாது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தயங்காமல் போய்க் காட்டுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய, போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் எண் 14416. இலவசம், ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டுக்காரர் பேச மாட்டேன் என்று அடம்பிடித்தால், அவருக்காக நீங்கள் கூப்பிட்டு என்ன செய்வதென்று கேளுங்கள்.