அந்த இரண்டு பிடிஎஃப்-ஐத் திறந்து பாருங்கள்: பிரைவேட் லிமிடெட் பதிவும், எம்ஓஏ – ஏஓஏ திருத்தமும்

[திரையில்: ஒரு போன். வாட்ஸ்அப்பில் மூன்று கோப்புகள் வந்து விழுகின்றன.]

வணக்கம். கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் இரண்டு மச்சான்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதுவரை ஆளுக்கொரு பட்டறை வைத்து ஜாப் ஒர்க் செய்தவர்கள், இனி சேர்ந்து சொந்த பிராண்டில் விற்கலாம் என்று ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறார்கள். ஆடிட்டர் ஆபீஸில் ஆதார், பான், போட்டோ, கரண்ட் பில் கொடுத்தாயிற்று. ஓடிபி கேட்டபோது சொன்னார்கள். சில நாளில் மூன்று பிடிஎஃப் வந்தது. முதலாவது பதிவுச் சான்றிதழ். அதை ஸ்டேட்டஸில் வைத்து, எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தாயிற்று.

மற்ற இரண்டு? ஒன்று மெமோரண்டம், சுருக்கமாக எம்ஓஏ. இன்னொன்று ஆர்ட்டிகிள்ஸ், அதாவது ஏஓஏ. பெரும்பாலான சிறு கம்பெனிகளில் இந்த இரண்டையும் முதலாளிகள் திறப்பதே இல்லை. பங்காளிகளுக்குள் சண்டை வந்து வக்கீல் கேட்கும்போதுதான் தேடுவார்கள். நம் வீடியோ முழுக்க இந்த இரண்டைப் பற்றித்தான். ஆனாலும் பதிவு எப்படி நடக்கிறது என்பதை ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவோம்.

[திரையில்: எம்சிஏ, அதாவது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம், ஸ்பைஸ் பிளஸ் படிவம்.]

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒரு பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் வேண்டும். அதே இரண்டு பேர் இரண்டாகவும் இருக்கலாம். இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். குறைந்தபட்ச மூலதனம் ஒரு லட்சம் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். அந்த விதியை 2015-லேயே எடுத்துவிட்டார்கள்.

முதலில் டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் கம்பெனியைப் பதிவதற்கான ஸ்பைஸ் பிளஸ் ஆன்லைன் படிவத்தின் முதல் பகுதியில் பெயர் கேட்க வேண்டும். இரண்டு பெயர்கள் வரை தரலாம், கட்டணம் 1,000 ரூபாய். பெயர் கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் இரண்டாம் பகுதியையும் எம்ஓஏ, ஏஓஏ இரண்டையும் போட்டுவிட வேண்டும். பான், டான் (டிடிஎஸ் கட்டுவதற்கான எண்), பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் இதோடு சேர்ந்தே வரும். ஜிஎஸ்டி எண் வேண்டுமென்றால் அதையும் இங்கேயே கேட்கலாம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி அதிகபட்சமாக வெளியிடக்கூடிய பங்குகளின் மதிப்பு, 15 லட்சம் வரை இருந்தால் பதிவுக் கட்டணம் பூஜ்ஜியம். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கோப்பைப் பரிசீலிப்பது ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். ஆகவே ‘ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கிறார்’ என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால், சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே இருக்கும் பெயரோடு ஒரு ‘ஸ்’ சேர்ப்பது, நடுவில் இடைவெளி விடுவது, இதெல்லாம் வேறு பெயராகக் கணக்கில் வராது. இன்னொருவரின் டிரேட்மார்க்கை ஒட்டிய பெயர் தப்பித்தவறிக் கிடைத்துவிட்டாலும் நிம்மதியாக இருக்க முடியாது. மார்க்கின் உரிமையாளர் மூன்று வருடத்துக்குள் மத்திய அரசின் மண்டல இயக்குநரிடம் போகலாம். மாற்றச் சொல்லி உத்தரவு வந்தும் மூன்று மாதத்துக்குள் மாற்றாவிட்டால், பதிவேட்டில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு ‘ஓஆர்டிஎன்சி’ என்ற எழுத்துகளோடு ஆண்டையும் எண்களையும் பெயராகப் போட்டுவிடுவார்கள். மண்டல இயக்குநரின் உத்தரவை நிறைவேற்றாத கம்பெனி என்பதன் சுருக்கம் அது. அந்தப் பெயரில் செக் புத்தகம் அடித்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: நாள்காட்டி. 30 நாள், 2 மாதம், 180 நாள் என மூன்று குறிகள்.]

சான்றிதழ் வந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 30 நாளுக்குள் முதல் போர்டு மீட்டிங் (இயக்குநர்கள் கூட்டம்), அதே 30 நாளுக்குள் முதல் ஆடிட்டர் நியமனம். இரண்டு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ். 180 நாளுக்குள் எல்லாரும் தங்கள் பங்குப் பணத்தைக் கம்பெனி வங்கிக் கணக்கில் போட்டு, ஐஎன்சி-20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதைப் போடாமல் வியாபாரம் தொடங்கவே கூடாது, கடன் வாங்கவும் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். இயக்குநர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை தனியாக.

இன்னொன்றும் உண்டு. அலுவலக வாசலில் கம்பெனியின் பெயரும் முகவரியும் தெரிகிற மாதிரி போர்டு வைக்க வேண்டும். அந்தப் பகுதியில் புழங்கும் மொழியின் எழுத்திலும் அது இருக்க வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. ஆக, நம் ஊரில் தமிழிலும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பளபளவென்று போர்டு மாட்டியிருப்பவர்கள் கவனிக்கவும்.

[திரையில்: எம்ஓஏ-வின் முதல் பக்கம்.]

சரி, இப்போது அந்த இரண்டில் முதல் பிடிஎஃப். எம்ஓஏ என்பது வெளியுலகத்துக்குக் கம்பெனி தரும் அடையாளம். பெயர், எந்த மாநிலத்தில் பதிவு அலுவலகம், என்ன தொழில், பங்குதாரர்களின் பொறுப்பு எவ்வளவு வரை, மூலதனம் எவ்வளவு, முதல் பங்குகளை யார் எடுத்தார்கள், இவ்வளவுதான் அதில் இருக்கும். இதில் தொழிலைச் சொல்லும் நோக்கப் பிரிவுதான் ஆபத்தானது. அதில் இல்லாத வேலையில் கம்பெனி இறங்கினால் அந்தச் செயல் செல்லாது. பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து கைதூக்கினாலும் செல்லாது.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. யுனைடெட் இந்தியா லைஃப் இன்ஷூரன்ஸ் என்ற கம்பெனி 1954-இல் பங்குதாரர்கள் கூட்டத்தைக் கூட்டி, எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நினைவாக அமையவிருந்த ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுக்கத் தீர்மானம் போட்டது. தொழில்நுட்ப, வணிக அறிவை வளர்ப்பது அறக்கட்டளையின் நோக்கம். நல்ல காரியம்தான், யாரும் ஒளித்துச் செய்யவில்லை. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. எல்ஐசி வந்து, ‘அந்த இரண்டு லட்சத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மேல்முறையீட்டுக்குப் போனவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் அந்த அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவர். கம்பெனியின் தொழிலுக்கு நேரடியாக உதவாத நன்கொடைக்கு மெமோரண்டத்தில் இடமில்லை, அதனால் பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரியில் இன்றும் இதைப் பாடமாக நடத்துகிறார்கள்.

நம் மச்சான்களின் எம்ஓஏ-வில் ‘வெட் கிரைண்டரும் உதிரிபாகமும் தயாரித்தல், விற்றல்’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து, ‘கிரைண்டர் நம்மிடம்தானே இருக்கிறது, மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாமே’ என்று தோன்றுகிறது. அருமையான யோசனை. ஆனால் நோக்கப் பிரிவைத் திருத்திவிட்டுத்தான் மாவில் கை வைக்க வேண்டும்.

[திரையில்: ஏஓஏ. பங்கு மாற்றம் பற்றிய பத்தி பெரிதாகிறது.]

இரண்டாவது பிடிஎஃப், ஏஓஏ. இது வீட்டுக்குள் நடக்கும் விவகாரம். பங்கை யாருக்கு விற்கலாம், இயக்குநரை யார் நியமிப்பது, கூட்டம் எப்படி நடக்கும் எல்லாம் இதில். சட்டத்தின் முதல் அட்டவணையில் ‘டேபிள் எஃப்’ என்று ஒரு மாதிரி ஏஓஏ இருக்கிறது. சிறு கம்பெனிகளுக்கு ஆடிட்டர்கள் பொதுவாக அதையே அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இருப்பது: போர்டு மீட்டிங்கில் ஓட்டுகள் சரிசமமாக வந்தால், சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு. இரண்டே இயக்குநர்கள் உள்ள கம்பெனியில், சேர்மன் நாற்காலியில் யார் உட்கார்ந்தாரோ அவர் நினைத்ததே போர்டின் முடிவு. ‘நீயே சேர்மனா இரு மாப்ள’ என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

இல்லாதது: ஒருவர் பங்கை விற்க நினைத்தால் முதலில் மற்றவரிடம் கேட்க வேண்டும் என்ற விதி. டேபிள் எஃப்-இல் அது கிடையாது. ஒருவர் இறந்துவிட்டால் அவர் பங்கை என்ன விலைக்கு, யார் எடுத்துக்கொள்வது என்பதும் கிடையாது.

‘நாங்கள் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டோமே’ என்றால்? ரங்கராஜ் வழக்கைக் கேளுங்கள். ஒரு குடும்பக் கம்பெனி, மொத்தம் 50 பங்குகள். இரண்டு கிளைகளுக்கும் ஆளுக்கு 25. எப்போதும் சரிபாதியாகவே இருக்க வேண்டும், விற்பதானால் முதலில் தன் கிளைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று 1951-இல் பெரியவர்கள் வாய்மொழியாகப் பேசி முடிவு செய்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒருவர் தன் பங்கை எதிர்க் கிளைக்கு விற்றுவிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தின் பக்கம் நின்றது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. ஆர்ட்டிகிள்ஸில் எழுதாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது, பங்குதாரரையும் கட்டாது என்று சொல்லிவிட்டது. பெரியவர்களின் பேச்சு, ஏஓஏ-வில் ஒரு வரி இல்லாததால் நிற்கவில்லை.

[திரையில்: 50–50, 70–30, 75–25 என மூன்று வட்டங்கள்.]

‘பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம்’ என்பீர்கள். அங்கேதான் கணக்கு இடிக்கும். எம்ஓஏ-வின் பெரும்பாலான பிரிவுகளையும் ஏஓஏ-வையும் திருத்த சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிராக விழும் ஓட்டைப் போல் மூன்று மடங்காவது ஆதரவாக விழ வேண்டும். 50-50 கம்பெனியில் ஒருவர் முறைத்துக்கொண்டால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. 70 சதவீதம் வைத்திருப்பவர் தன்னை முதலாளி என்று நினைப்பார், ஆனால் 30 சதவீதக்காரர் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டால் தீர்மானம் விழுந்துவிடும். 75-25 என்றால் மட்டும் பெரியவர் கை ஓங்கும். இத்தனையும் கூட்டத்தில் விழுந்த ஓட்டுகளை வைத்துத்தான், வராதவரின் ஓட்டு கணக்கில் இல்லை. எனவே கோபித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது மகா மடத்தனம்.

சின்னப் பங்குதாரருக்கு இதைவிடப் பலமான பாதுகாப்பு வேண்டுமென்றால், குறிப்பிட்ட விதிகளை எல்லாரும் சம்மதித்தால்தான் மாற்றலாம் என்று ஏஓஏ-விலேயே பூட்டுப் போட 5-ஆவது பிரிவு வழி தருகிறது. தொடங்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது. பின்னால் போடுவதானால் எல்லா உறுப்பினரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டைக்குப் பிறகு யார் ஒப்புக்கொள்வார்கள்?

[திரையில்: போர்டு மீட்டிங் – நோட்டீஸ் – இஜிஎம் – எம்ஜிடி-14.]

மச்சான்கள் இன்னும் ராசியாகத்தான் இருக்கிறார்கள், மாவு வியாபாரத்தையும் சேர்க்கப் போகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் போர்டு கூடி, இஜிஎம் என்கிற சிறப்புப் பொதுக்கூட்டத்துக்குத் தேதி குறிக்கும். உறுப்பினர்களுக்கு 21 முழு நாள் நோட்டீஸ். நோட்டீஸ் போகும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் இதில் சேராது. ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கக் குறிப்பும் கூடவே போக வேண்டும். அவசரம் என்றால், எண்ணிக்கையில் பெரும்பான்மையினர், மூலதனத்தில் 95 சதவீதமாவது கையில் உள்ளவர்கள் சம்மதித்தால் குறைந்த நோட்டீஸில் நடத்தலாம். இருவர் கம்பெனியில் இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தீர்மானம் நிறைவேறி 30 நாளுக்குள், திருத்திய எம்ஓஏ-வோடு எம்ஜிடி-14 படிவம் ஆர்ஓசி-க்குப் போக வேண்டும். எம்ஓஏ திருத்தம் பதிவாகும் வரை அமலுக்கு வராது. அதனால் மாவு பாக்கெட்டுக்கு டிசைன் அடிக்கக் கொடுத்தாலும், விற்பனையைப் பதிவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஓஏ-வுக்கும் இதே வழிதான். ஒரு சின்னக் குழப்பம்: தீர்மானத்தைத் தாக்கல் செய்ய 117-ஆவது பிரிவு 30 நாள் தருகிறது, திருத்திய ஏஓஏ-வை 15 நாளில் தரச் சொல்கிறது 14-ஆவது பிரிவு. வாதம் செய்துகொண்டிருக்காமல் 15 நாளுக்குள் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைக் கூட்டுவது இவற்றில் சுலபம். ஏஓஏ அனுமதித்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும், 30 நாளுக்குள் எஸ்ஹெச்-7 படிவம். டேபிள் எஃப் அனுமதிக்கிறது. பெயர் மாற்றம் கொஞ்சம் சுற்று வழி. புதுப் பெயரை முதலில் ஒதுக்கி வாங்க வேண்டும், அது 60 நாள் தாங்கும். பிறகு சிறப்புத் தீர்மானம், எம்ஜிடி-14, ஐஎன்சி-24, கடைசியில் புதுச் சான்றிதழ். ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்யாமல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிக்குப் பெயர் மாற்றம் கிடையாது. மாற்றிய பிறகு இரண்டு வருடத்துக்குப் பழைய பெயரையும் வாசல் போர்டிலும் லெட்டர்ஹெட்டிலும் காட்ட வேண்டும். வங்கி, ஜிஎஸ்டி, பான் எல்லா இடத்திலும் ஏறி இறங்க வேண்டியது தனிக் கதை. பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது இதைவிடப் பெரிய வேலை: பத்திரிகை விளம்பரம், கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ், மண்டல இயக்குநரின் ஒப்புதல் வரை போகும்.

[திரையில்: எம்சிஏ தளத்தில் ‘வியூ பப்ளிக் டாக்குமென்ட்ஸ்’ பக்கம்.]

உங்களுக்கு ஏற்கெனவே கம்பெனி இருந்து, அந்த பிடிஎஃப்-கள் எங்கே போயின என்றே தெரியவில்லையா? ஆடிட்டரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டினால் உங்கள் கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம், தரவிறக்கலாம். ஏஓஏ-வில் முதலில் ‘பங்கு மாற்றம்’ பகுதிக்குப் போங்கள், அடுத்து போர்டு கூட்டத்தில் சேர்மன் ஓட்டு பற்றிய வரி. நேரம் இருந்தால் உங்களோடு கூட்டுச் சேரக் கூப்பிடுகிறவரின் கம்பெனிக்கும் இன்னொரு 100 ரூபாய் கட்டிப் பாருங்கள்.