அட்டைப்படம் தயார், நாவல்தான் பாக்கி

வணக்கம். பதின்ம வயதினருக்காக நாவல்கள் எழுதும் நான், அதே வயதினருக்கு நடத்தும் எழுத்துப் பட்டறையை முடித்துவிட்டு நேராக வந்து இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். நான்கு மணி நேரம் பேசியதில் தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் வழக்கமான கேள்வி வந்துவிட்டது. “என் நாவலை யாரிடம் கொடுத்தால் புத்தகமாகப் போடுவார்கள்?” என்று ஒரு மாணவர் கேட்டார். எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அட்டைப்படம் தயாராக இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவருடைய வயதில் நானும் முதலில் சமர்ப்பணப் பக்கத்தைத்தான் எழுதி வைத்தேன்.

வயதைக் காரணம் காட்டி யாரையும் நான் திருப்பி அனுப்புவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹின்டன் தம் முதல் நாவலைப் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். 1967-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. ஆனால் அச்சுக்குப் போகும் வழியை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம், எழுதியதைத் திருத்தும் பொறுமையைக் கற்றுக்கொடுக்க ஓராண்டு போதவில்லை என்பது என் அனுபவம். ஆகவே பட்டறை நேரத்தில் முக்கால் பங்கைத் திருத்தத்துக்கே ஒதுக்குகிறேன்.

இன்று ஒரு மாணவி இரண்டு தோழிகளின் பிரிவைப் பற்றிய கதையைக் கொண்டுவந்திருந்தார். முதல் இரண்டு பக்கங்களில் நாயகி கண்விழிக்கிறாள், கண்ணாடி முன் நின்று தன் தோற்றத்தைத் தானே வருணிக்கிறாள், பள்ளிக்குப் புறப்படுகிறாள். மூன்றாம் பக்கத்தில்தான் தோழி அவளருகே உட்காராமல் வேறு இருக்கைக்குப் போகிறாள். கதை அங்கேயே தொடங்கட்டும் என்றேன். அந்த மாணவிக்கு முகம் வாடியது, இருந்தாலும் இரண்டு பக்கங்களையும் அடித்துவிட்டார். அடுத்த வரி, “அவளுக்கு மிகுந்த வேதனையாக இருந்தது” என்பது. வேதனை என்ற சொல்லைத் தொடாமல், அந்த நிமிடத்தில் அவள் கைகள் என்ன செய்தன என்று மட்டும் எழுதச் சொன்னேன். சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவர் எழுதியது இது: “பக்கத்து இருக்கையில் அவள் தன் பையை வைத்தாள். அங்கே உட்காரலாமா என்று யாரும் கேட்கவில்லை.” வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

தமிழில் எழுதும் இளையோருக்கு உரையாடல் தனிச் சிக்கல். சண்டை முற்றிய இடத்தில் பதினாறு வயதுப் பாத்திரம் ஒன்று, “நீ ஏன் என்னிடம் முன்னரே கூறவில்லை?” என்று கேட்டால், வாசகருக்கு அது அலுவலகக் கடிதம் போலத் தோன்றும். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்று எழுதினால் பாத்திரம் உயிரோடு நிற்கும். விவரிப்பு எழுத்து நடையிலும் உரையாடல் பேச்சு நடையிலும் இருக்கலாம். இந்த ஆண்டு மட்டும் புழங்கும் கொச்சைச் சொற்களை அளவோடு பயன்படுத்தினால் போதும், ஏனெனில் புத்தகம் வெளிவருவதற்குள் அவை பழசாகிவிடும்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பதின்ம வயதினருக்கான நாவல்கள் பெரும்பாலும் 50,000 முதல் 80,000 சொற்கள் வரை இருக்கும். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டி வருவதால் அதே கதைக்கு எண்ணிக்கை குறையும். பதிப்பகம் கேட்கும் கதைச்சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். அது வாசகருக்கான பின்னட்டைக் குறிப்பு அல்ல, கதை கடைசி வரை தாங்குகிறதா என்று பதிப்பாசிரியர் பார்ப்பதற்கான தாள். புத்தகம் போட உங்களிடமே பணம் கேட்பவரிடம் அது எந்தெந்தச் செலவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். மரபான பதிப்பு முறையில் பணம் பதிப்பகத்திடமிருந்து எழுத்தாளருக்கு வருமே தவிர, எதிர்த்திசையில் போகாது.

யாராவது கதையைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சமும் இன்று எழுந்தது. படைப்பாளிகளின் உரிமையைக் காக்க 1886-இல் நாடுகளுக்கிடையே உருவான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில், எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்ற நிபந்தனை இல்லை. எழுதியவர் சிறுவர் என்பதால் அந்த உரிமை குறையாது. எனினும் சட்டப்படி வயது வராதவரின் கையெழுத்தை மட்டும் நம்பிப் பதிப்பகங்கள் பொதுவாக ஒப்பந்தம் போடுவதில்லை என்பதால், பெற்றோரோ பாதுகாவலரோ உடன் அமர்ந்து வாசிக்க வேண்டும்.

வாசிக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் நாவலுக்கான ஒப்பந்தத்தில், அச்சில் இல்லாமல் போனால் உரிமை எனக்குத் திரும்பும் என்ற பிரிவு இல்லை. மொழிபெயர்ப்பு உரிமையும் சேர்ந்தே போயிருந்தது. மகிழ்ச்சியில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்திட்டேன். புத்தகம் விற்றுத் தீர்ந்தது, மறுபதிப்பு வரவில்லை, வேறிடத்தில் கொடுக்கவும் எனக்கு வழியில்லை. அந்த ஒப்பந்தத்தின் நகலைத்தான் இன்று மாணவர்களிடம் கொடுத்து, என்ன விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இருபது நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது அந்த அட்டைப்பட மாணவர் வாசலில் காத்திருந்தார். முதல் பத்தியை எழுதியிருந்தார், வாங்கி வாசித்தேன். நாயகன் கண்ணாடி முன் நிற்கவில்லை. சமர்ப்பணம் யாருக்கு என்று கேட்டேன். நாவலை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.