நெஞ்சைத் திறக்காமல் முடியாதா?

நேயர்களுக்கு வணக்கம். பெருந்தமனிச் சுவர் பிளந்து வரும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டுச் சரிசெய்ய முடியாதா? மாமாவுக்கு அப்படித்தானே ஸ்டென்ட் வைத்தார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் மாமாவுக்கு இருந்தது இதயத் தமனியில் அடைப்பு; அதைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்தான் ஸ்டென்ட். இது வேறு நோய்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு கிழிந்தால், அழுத்தத்தோடு பாயும் இரத்தம் நடு அடுக்கைப் பிளந்துகொண்டு தனக்கென ஒரு பொய்ப்பாதையை உண்டாக்கிக்கொள்கிறது. சிகிச்சையை முடிவு செய்வது, பிளவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே.

இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதி பிளந்திருந்தால் அது ஏ வகை. இரத்தம் இதய உறைக்குள் கசிந்து இதயத்தையே நசுக்கிவிடலாம், வால்வு ஒழுகலாம், பக்கவாதம் வரலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1 முதல் 2 விழுக்காட்டினர் இறக்கிறார்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்தோ செபராங் பிறையிலிருந்தோ பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு ஆம்புலன்ஸ் வரும் நேரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். இங்கே ஸ்டென்ட் சரிவராது. அந்தப் பகுதி குட்டையானது, ஒவ்வொரு துடிப்புக்கும் அசைவது. ஒரு முனையில் வால்வும் இதயத் தமனிகளும், மறுமுனையில் மூளைக்குப் போகும் தமனிகளும் இருக்கின்றன. ஸ்டென்ட் பிடித்து நிற்க இடம் ஏது? அறுவையைத் தாங்க முடியாத சிலரிடம் முயற்சிகள் நடக்கின்றன. அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆகவே நெஞ்செலும்பைத் திறந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடலைக் குளிர்வித்து, கிழிந்த பகுதியை நீக்கிவிட்டுப் பாலியெஸ்டர் குழாயைத் தைக்கிறோம். பெருந்தமனியின் வளைவுப் பகுதியைத் தைக்கும்போது உடலின் இரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்துவோம். மூளைக்கு மட்டும் தனியாக இரத்தம் செலுத்திக்கொண்டிருப்போம்.

"அப்பாவுக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். இந்த அறுவைக்கு 1950களில் வழிவகுத்த அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கிக்கு 97 வயதில், 2005ஆம் ஆண்டின் கடைசி நாளில், இதே நோய் வந்தது. 2006இல் அறுவை நடந்தது. நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்து தேறி, 2008 வரை வாழ்ந்தார். வயதான எல்லாருக்கும் அப்படி அமையாது. வயதை மட்டும் வைத்து மறுத்துவிடக் கூடாது என்பதே நான் சொல்வது.

இடக்கைக்குப் போகும் தமனியைத் தாண்டி, கீழிறங்கும் பகுதி பிளந்திருந்தால் அது பி வகை. சிக்கல் இல்லாத பி வகைக்கு முதலில் மருந்துதான்: இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 100 முதல் 120க்குள்ளும், நாடித் துடிப்பை 60க்குக் கீழும் கொண்டுவர வேண்டும். குடல், சிறுநீரகம், கால் ஆகியவற்றுக்கு இரத்தம் நின்றுபோனால், தமனி வெடிக்கத் தொடங்கினால், வலி அடங்காவிட்டால், அப்போது தொடைத் தமனி வழியாகத் துணியுறை போர்த்திய ஸ்டென்டைக் கொண்டுபோய்க் கிழிசலின் வாயை மூடுகிறோம். 1999இல் இந்த முறையின் முதல் முடிவுகள் வெளிவந்தன. பலரை மார்பைத் திறக்கும் அறுவையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. துளை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ண வேண்டாம். தண்டுவடத்துக்கான தமனிகள் மூடப்பட்டால் கால்கள் செயலிழக்கலாம். பிளவு மேல்நோக்கிப் பரவி ஏ வகையாகவும் மாறலாம்.

மார்பிலோ முதுகிலோ கிழிப்பதுபோன்ற வலி திடீரென வந்தால், வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வீட்டில் இருக்கும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். 999ஐ அழையுங்கள். இந்தப் பிளவுக்கு முக்கியக் காரணம் உயர் இரத்த அழுத்தம். மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு அது இருக்கிறது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எந்தச் சிகிச்சை செய்தாலும் மீதித் தமனி விரிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்று நோயாளிகள் கேட்கிறார்கள். நேர்த்திக்கடனின் கனம் எனக்குத் தெரியும். ஆனாலும் பாரம் சுமந்து மூச்சை அடக்கும்போது அழுத்தம் எகிறும், காவடி வேண்டாம். தண்ணீர்மலைக் கோயிலின் படிகளை மெல்ல ஏறலாமா என்பதை, அந்த ஆண்டின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் சொல்வார்.