டப்பாவில் எழுதியிருப்பதும் காரில் ஒட்டுவதும்

வணக்கம் நேயர்களே. கார் பெயிண்டுக்கு இயற்கை மெழுகை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பூசுவது என்று பேசச் சொன்னார்கள். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். கடையில் ஒரு மெழுகு டப்பாவைக் கையில் எடுத்ததும் நம் கண் போவது '100 சதவீதம் தூய கார்னாபா' என்ற வரிக்குத்தான். அந்த ஒரு வரிக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் டப்பாவுக்குள் இருப்பது முழுக்க கார்னாபா இல்லை, இருக்கவும் முடியாது.

கார்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்கே சியாரா, பியாவி மாநிலங்களின் பக்கம் வளர்கிற ஒரு பனை வகை. மழை இல்லாத மாதங்களில் ஓலையின் ஈரம் வெயிலில் போய்விடாமல் இருக்க, அந்த மரம் தன் ஓலை மேலேயே மெழுகைக் கசியவிட்டுக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் அது மாவு மாதிரி உதிரும், அதைச் சேர்த்து உருக்கி வடிகட்டினால் மெழுகு. இளங்குருத்திலிருந்து எடுப்பது வெளிர் மஞ்சளாக இருக்கும், அதுதான் உயர்ந்த தரம். முற்றிய ஓலையில் வருவது பழுப்பாகவோ இன்னும் கருத்தோ இருக்கும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே பளபளப்புக்காகப் பூசுகிறார்களே, அதுவும் இதே மெழுகுதான். அதற்காகக் கார் மெழுகை நாக்கில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள், அதில் வேறு சமாச்சாரங்கள் சேர்ந்திருக்கின்றன.

காருக்கு இதை ஏன் தேடிப் போனார்கள் என்றால், இயற்கையாகக் கிடைக்கிற மெழுகுகளில் இதுதான் கெட்டியானது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கார்னாபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயிலில் நிற்கிற கறுப்பு பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையே தொல்லையும்தான். சுத்தமான கார்னாபாக் கட்டியை எடுத்துக் கதவில் தேய்த்தால் ஒன்றும் ஒட்டாது, செதில் செதிலாக நொறுங்கும். அதனால் அதைக் கரைக்க ஒரு கரைப்பான் வேண்டும், அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. இளக்கத்துக்குக் கொஞ்சம் எண்ணெயோ தேன்மெழுகோ, சுலபமாகத் துடைத்தெடுக்கக் கொஞ்சம் சிலிக்கோன். ஆக, 100 சதவீதம் என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கிற மெழுகு முழுவதும் கார்னாபா என்று அர்த்தம், டப்பா முழுவதும் கார்னாபா என்று அர்த்தம் இல்லை. இதைப் பித்தலாட்டம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வாங்குகிறவருக்குப் புரியக் கூடாது என்றே எழுதப்பட்ட வரி என்பது என் எண்ணம்.

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில், அது வெறும் மெழுகா அல்லது 'கிளீனர் வேக்ஸ்' வகையா என்று பாருங்கள். கிளீனர் வகையில் மெல்லிய அரைப்புத் துகள்களோ, அழுக்கைக் கரைக்கிற ரசாயனமோ சேர்த்திருப்பார்கள். பெயிண்டின் மேலே நிறமில்லாத ஒரு கிளியர் கோட் இருக்கிறது, அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், ஒரு சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. துகள் உள்ளதைப் போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் அதில்தான் கொஞ்சம் போகிறது. மங்கிப்போன பழைய காருக்கு எப்போதாவது ஒரு தடவை சரி, மாதாமாதம் வேண்டாம். இரண்டாவது, உங்கள் கார் என்ன நிறம்? கறுப்பு, கருஞ்சிவப்பு, கருநீலம் என்றால் நல்ல கார்னாபா போட்டதும் நிறத்துக்கு ஓர் ஆழம் வரும், நனைந்த மாதிரி தெரியும். வெள்ளைக்கும் வெள்ளி நிறத்துக்கும் அந்த வித்தியாசம் கண்ணில் அதிகம் படாது, அதற்கு விலை உயர்ந்த டப்பா தேவையே இல்லை.

எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கில் பார்த்தால் செயற்கை சீலன்ட், அதாவது மெழுகுக்குப் பதிலாகப் பூசுகிற ரசாயனப் பூச்சுதான் ஜெயிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. இயற்கை மெழுகு வெயிலையும் மழையையும் கழுவுகிற விதத்தையும் பொறுத்துச் சில வாரம் நிற்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 2, 3 மாதம். பூசவும் எளிது, எடுக்கவும் எளிது, அந்தப் பளபளப்பும் பிடித்திருக்கிறது என்பவர்களுக்குத்தான் இது.

அது என்னத்தைக் காக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறவை எச்சம், பூச்சி ஒட்டிச் செத்தது, மரப்பிசின், உப்புத்தண்ணீர், இவை பெயிண்டைத் தொடுவதற்கு முன்னால் மெழுகைத் தின்னும். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயில் சூட்டில் பெயிண்ட் இளகும்போது அது ஒட்டிக்கொள்ளும், சூடு ஆறிப் பெயிண்ட் இறுகும்போது அந்த இடத்தில் ஒரு மங்கலான தடம் விழுந்துவிடும். மெழுகு இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான், அதை ஒரு வாரம் அப்படியே விட்டுவைக்க லைசென்ஸ் கிடையாது. கல் தெறித்தால், சாவியால் கீறினால் மெழுகு ஒன்றும் செய்யாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் பெரும்பாலும் கிளியர் கோட்டில் கலந்திருக்கிற பொருள்கள்தான்.

இனி பூசுவது. பாதி வேலை பூசுவதற்கு முன்னாலேயே இருக்கிறது, பலர் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். காரைக் கழுவித் துடைத்து உலரவிட்ட பிறகு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் பானெட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிற இடம்கூட நறநறவென்று இருக்கும். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பைப் பை காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் தூசி, தார், பிசின் எல்லாம் உள்ளே ஒட்டி இருப்பதுதான் அது. கிளே பார் என்று களிமண் மாதிரி ஒன்று விற்கிறார்கள், அதற்கான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டினால் இதையெல்லாம் இழுத்துவிடும். கீழே விழுந்த கிளே துண்டைத் திரும்ப எடுக்காதீர்கள், ஒட்டிய மணல் அப்படியே கீறும்.

அப்புறம் நிழல். பெயிண்டைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. ஸ்பான்ஜை மெழுகில் லேசாக ஒரு திருகு, அவ்வளவு போதும். ஒரு கதவு அளவுக்குப் பூசினால் மங்கலாக ஒரு படலம் தெரிய வேண்டும், வெள்ளையாக அப்பியிருந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். கூடுதலாக அப்பினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை, பெயிண்டில் ஒட்டுவது மெல்லிய ஓர் அடுக்குத்தான், மீதி எல்லாம் துடைக்கிற துணிக்குத்தான் போகிறது, கை வலியும் சேர்த்து. கொஞ்ச நேரம் விட்டு ஓர் ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பளிச்சென்று விழுந்தால் துடைக்கலாம், இழுபட்டு ஈஷினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால், அடிக்கடி திருப்பித் திருப்பிப் பிடித்துத் துடைக்க வேண்டும். அந்தத் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி போடாதீர்கள், போட்டால் அது மெழுகை உறிஞ்சாது, தீற்றிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் மெழுகு பட்டால் காய்ந்து வெள்ளைத் தடமாக நிற்கும், முன்பே டேப் ஒட்டிவிடுவது நல்லது.

தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறதா என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது பரந்து படிய ஆரம்பித்தால் மறுபடி மெழுகு பூச நேரம், இல்லை வெறும் அழுக்குப் படலம்தானா என்று ஒரு தடவை நன்றாகக் கழுவியும் பார்த்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுக் கழுவினால் மெழுகு சீக்கிரம் போய்விடும், காருக்கென்று விற்கிற ஷாம்புவே போதும். சமையல் எண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். பளபளக்கும், ஆனால் இறுகாது, சாயங்காலத்துக்குள் தெருப் புழுதி அத்தனையும் காரில் இருக்கும்.

பளபளப்பே இல்லாத மேட் பெயிண்டில் மெழுகைத் தொடவே தொடாதீர்கள், அங்கங்கே திட்டுத் திட்டாகப் பளபளக்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகம் என்றால் உள்ளே இருக்கிற கரைப்பான் வெளியேறச் சில வாரம் வேண்டும், எத்தனை நாள் என்று அடித்தவரிடமே கேளுங்கள். செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்டின் மேலே கெட்டியாக இறுகுகிற ரசாயனப் பூச்சு போட்ட காருக்கு மேலே மெழுகு அவசியம் இல்லை, அந்தக் கோட்டிங்கின் குணத்தைத்தான் மறைக்கும். நன்றி, வணக்கம்.