விரட்டாமலே பிடிக்கலாம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, பொங்கல் விழாவுக்காக, பிரான்சைச் சேர்ந்த நம் ரியூனியன் தீவின் சேன்-ஆந்த்ரே ஊரில் கூடியிருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பைக்கில் அட்டகாசம் செய்யும் இளவட்டங்களைப் போலீஸ் விரட்டிப் பிடிக்க வேண்டுமா, விரட்டாமல் பிடிக்க வேண்டுமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் "விரட்டு, விரட்டு" என்று போட்ட சத்தத்தில் மைக்கே சூடாகிவிட்டது. ஆனால் அண்ணே, தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள். இரண்டு பக்கமும் 'பிடிக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது. நாங்கள் என்னவோ "பாவம் பிள்ளைகள், விட்டுவிடுங்கள்" என்று கெஞ்ச வந்ததுபோல நீங்கள் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நான் ஸ்கூட்டர் மெக்கானிக். இந்தப் பையன்கள் என் கராஜுக்கு வருகிறவர்கள்தான். "தோந்தோன், இதைக் கொஞ்சம் ஓட விடுங்களேன்" என்பார்கள். தோந்தோன் என்றால் மாமா. 50 சிசி வண்டி. 14 வயதில் ஓட்டலாம். சட்டப்படி 45 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. உள்ளே வேரியேட்டர் என்ற கியர் பாகத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன வளையம் இருக்கும். அதைக் கழற்றி, 70 சிசி சிலிண்டர் கிட் மாட்டி, சைலன்சரையும் மாற்றினால் வண்டி பறக்கும். நான் செய்து தருவதில்லை. நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வேலை செய்கிற கடைக்காரனுக்கு 2 ஆண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் என்று சட்டம் இருக்கிறது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. இன்ஜினைக் கூட்டிய பையன் பிரேக்கைத் தொடவே மாட்டான். பின்சக்கரத்தில் அதே பழைய டிரம் பிரேக், 45-க்காகச் செய்தது. டயர் வழுக்கை. ஹெல்மெட்டோ முழங்கையில் தொங்கும். இந்த வண்டியின் பின்னால் சைரன் போட்டுக்கொண்டு போலீஸ் கார் போனால் என்ன நடக்கும்? கரும்பு வெட்டுக் காலத்தில், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, நம் ஊர்ச் சாலைகளில் காஷாலோ லாரிகள் கரும்பை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும். வயலிலிருந்து சேறு ரோட்டில் ஒட்டிக்கிடக்கும். அதில் எண்பதில் போகிறவன் பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்பான் என்று எதிரணி சொல்லட்டும்.

'ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம்' என்று பழமொழி. இங்கே கதை தலைகீழ். துரத்துகிறவனைக் கண்டால்தான் ஓடுகிறவனுக்குக் குஷி! போலீஸ் கார் பின்னால் வருவதை நண்பன் செல்போனில் எடுப்பான், ராத்திரியே இணையத்தில் ஏற்றுவான், மறுநாள் அவன் தெருவுக்கே நாயகன். விரட்டுவது அவனுக்குத் தண்டனை இல்லை, இலவச விளம்பரம்.

அண்ணன் பொந்துவாஸைச் சொன்னார். 2022 ஆகஸ்டில், பாரிஸ் பக்கம், குடியிருப்பில் விளையாடிக்கொண்டிருந்த 7 வயதுப் பெண் குழந்தையையும் 11 வயதுப் பையனையும் மோட்டோகிராஸ் என்கிற மண்பாதைப் பந்தய வண்டி ஒன்று மோதி, பலத்த காயம். கேட்டாலே வயிறு எரிகிறது. எனக்கும் எரிந்தது. ஆனால் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு வண்டி தாறுமாறாக ஓடுகிறது என்றால், அதே இடத்துக்கு இரண்டாவதாக இன்னொரு வண்டியை அதே வேகத்தில் அனுப்புவதுதான் பாதுகாப்பா?

பிரிட்டனில் இருக்கும் கார்டிஃபுக்கு வாருங்கள். 2023 மே 22, ஈலி என்ற பகுதி. 15 வயதிலும் 16 வயதிலும் இரண்டு பையன்கள் ஒரே மின்சார பைக்கில் போய் விழுந்து இறந்தார்கள். விரட்டல் எதுவும் நடக்கவில்லை என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் கேமராப் பதிவு வெளிவந்தது; விழுவதற்குச் சற்று முன்பு போலீஸ் வேன் அவர்கள் பின்னாலேயே போனது தெரிந்தது. அன்று ராத்திரியே ஊர் பற்றி எரிந்தது. 2007 நவம்பரில் பாரிஸ் பக்கம் வில்லியே-லெ-பெல்லில் மினி மோட்டோவில் போன இரண்டு சிறுவர்கள் போலீஸ் காரோடு மோதி இறந்தபோதும் அதேதான். கலவரத்தில் அடிபட்டவர்களில் போலீஸ்காரர்களே எத்தனையோ பேர். அக்கா, அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள்.

சரி, எதிரணியின் பலமான அம்பு எது என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம். நியூசிலாந்து. அங்கே 2020 டிசம்பரில் விரட்டலைக் கடுமையாகக் குறைத்தார்கள். நிற்கச் சொன்னால் நிற்காமல் ஓடுகிறவர்கள் கூடினார்கள். 2023-இல் கொள்கையை மாற்றி, விரட்ட மறுபடி இடம் கொடுத்தார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. 'விரட்டாதே' என்பது பாதி வேலை; மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி ஓடுகிறவன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவன் ஏன் நிற்பான்? லண்டனில் மொபெட் திருடர்களைக் காரால் இடித்துத் தள்ளினார்கள் என்று கைத்தட்டல் வாங்கினீர்கள். அதே லண்டன் போலீஸ், தப்பி ஓடுகிறவன் மேல் கண்ணுக்குத் தெரியாத அடையாளத் திரவத்தைப் பீய்ச்சி, அப்புறம் ஆற அமரப் பிடித்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இப்போது நம் தீவுக்கு வருவோம். சுற்றி வந்தால் 200 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் மலை, சுற்றிலும் கடல். நடுவர் ஐயா, இந்த ஊரில் ஒருவன் எங்கே ஓடிப்போவான்? மொரீஷியசுக்கு பைக்கில் போக முடியுமா? கல்லை விட்டெறிந்தால் யாராவது ஒரு சொந்தக்காரன் தலையில்தான் விழும். யார் பையன் எந்த வண்டியில் போனான் என்பது அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் அவன் பாட்டிக்குத் தெரிந்துவிடும். போலீசுக்கு மட்டும்தான் தெரியாது.

"முகத்தில் துணி, நம்பர் பிளேட்டை மடித்துவிட்டான், எப்படிப் பிடிப்பாய்?" என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. முகத்தை மறைக்கலாம், பெட்ரோல் டாங்கியை மறைக்க முடியுமா? நம் தீவில் இன்னும் பெட்ரோல் பங்க்குகளில் ஆள் நின்றுதான் ஊற்றுகிறார். ஒவ்வொரு லிட்டரும் ஒரு மனிதன் கண்முன்னால்தான் உள்ளே போகிறது. ரோட்டில் ஓட்ட அனுமதியே இல்லாத மோட்டோகிராஸ் வண்டிக்குக் கேனில் வாங்கிப்போகிறவனையும் அவர் பார்க்கிறார். கிட் வாங்க வருகிறவனை என்னைப் போன்றவன் பார்க்கிறான். வண்டியைப் பிக்கப்பில் ஏற்றி ராத்திரி சாகசம் காட்ட லெ போர் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். போதாக்குறைக்கு அவனே வீடியோ போடுகிறான்! ஆனால் இவர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஏன்? தெருவில் தெரிந்த முகமாக ஒரு போலீஸ்காரர் கிடையாது. சைரனோடு வந்து சைரனோடு போகிறவரிடம் யார் பேசுவார்கள்? கார் துரத்தலுக்குச் செலவாகும் ஆளையும் நேரத்தையும் இதற்குக் கொடுங்கள் என்கிறேன்.

சட்டம் போதாது என்றும் சொல்ல முடியாது. 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சட்டப்படி இந்தத் தெருச் சாகசத்துக்கு 1 ஆண்டு சிறை, 15,000 யூரோ. கூட்டமாகச் செய்தாலும், ஏற்பாடு செய்தாலும் 2 ஆண்டு, 30,000. சிறுவர்களுக்குத் தனி நீதிமுறை; 13 வயதுக்குக் கீழே இருந்தால் விவரம் தெரியாத வயது என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் நான் மெக்கானிக், எனக்குப் பிடித்த பகுதி வேறு: வண்டிப் பறிமுதல். 2022 ஜனவரியில் வந்த திருத்தப்படி, பிடித்து வைத்த வண்டியை உரிமையாளர் வந்து மீட்காவிட்டால் 7 நாளில் கைவிடப்பட்டதாகக் கருதி நசுக்கிவிடலாம். அபராதத்தை அம்மா மாசா மாசம் கட்டுவாள், அவனுக்கு உறைக்காது. சிறைக்குப் போய் வந்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்றுகூட நினைப்பான். வண்டி போனால்? திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அந்த அவமானம் இருக்கிறதே, ஐயா, அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை பையன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கோயில் வாசலில் பாட்டியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு, அவரைக் கீழே தள்ளிவிட்டுப் போகிறவனும், முன்சக்கரத்தைத் தூக்கி வேடிக்கை காட்டுகிறவனும் ஒன்றில்லை. உயிருக்கு ஆபத்து செய்துவிட்டு ஓடுகிறவனைத் துரத்தத்தான் வேண்டும், அதற்குப் பழகிய ஓட்டுநரை வைத்துக்கொண்டு, மேலதிகாரி 'நிறுத்து' என்றால் நிறுத்தி. எங்கள் அணியில் இதற்கு யாரும் எதிர்ப்பில்லை. அண்ணன் இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார், அதுதான் தகராறு.

மணி அடித்துவிட்டார்கள். இறங்குவதற்கு முன் அடுத்துப் பேச வரும் அக்காவுக்கு ஒரு கேள்வியை மட்டும் விட்டுப்போகிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் விரட்டி, விழுந்து புரளாமல், ஒரு பையனைப் பத்திரமாகவே பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ராத்திரி பிடித்த அந்த வண்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வீட்டுக் கொட்டகையில் நிற்கும்?