வாலாஜாவில் தொடங்கும் துறைமுகம்

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். துறைமுகத்தைத் துணியில் வரையச் சொன்னால், வேலூரில் ஏது துறைமுகம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒரு முனை கடற்கரை, மறுமுனை நம் மாட்டுவண்டிப் பாதை. இந்த ஒரு தடத்தை நீளத் துணியில் பிள்ளைகள் சேர்ந்து வரையலாம்.

படத்தில் பாலாற்றில் படகு விடாதீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆம்பூரிலிருந்தே கப்பல் விட்டுவிடுவார்கள். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு அது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் துணி மூட்டையும் வண்டியிலும் ரயிலிலும்தான் போயின.

காடாத் துணி 54 அங்குல அகலத்தில் ஐந்தரை மீட்டர் வாங்குங்கள். கஞ்சி போகுமட்டும் துவைத்துக் காயவையுங்கள். கஞ்சி இருந்தால் பிரைமர் என்னும் அடிப்பூச்சு பின்னால் செதில் செதிலாக உரியும். பிரைமர் பூசி, துணி சுருங்கி அடங்கிய பிறகே கட்டம் போட வேண்டும். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் கோடு நேராக விழும். 4.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் சதுரங்கள்: மொத்தம் 64. இரண்டு பேருக்கு ஒன்று. மூலப்படம் 48-க்கு 12 சென்டிமீட்டர் தாளில் இருந்தால் பத்து மடங்கு பெருக்குவது சுலபம்.

அடுத்தடுத்த சதுரங்கள் ஒட்டாமல் போவதுதான் வழக்கமான கோளாறு. தண்டவாளம் கட்டத்துக்குக் கட்டம் இரண்டு விரல் இறங்கும். கோடு எங்கே ஓரத்தைத் தாண்டுகிறதோ அங்கே இரு பக்கத்துக் குழந்தைகளும் சேர்ந்து புள்ளி வைத்துவிட்டு வரையட்டும். கடலுக்கான நீலத்தை ஒரே வாளியில் கலக்குங்கள். நம்மூர் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். காலை வேளையே நல்லது.

படத்தின் உயிர் கடற்கரைப் பகுதி. சென்னையில் செயற்கைத் துறைமுக வேலை 1870களில்தான் தொடங்கியது. 1881 புயல் அதையும் உடைத்தது. துறைமுகம் வருமுன்பு கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைக் கொண்டுபோனது மசூலா என்னும் படகு. பலகைகளை ஆணியால் அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு பிளந்துபோகும். இந்தத் தையலைப் பிள்ளைகள் வரையக் கூடாது, தைக்க வேண்டும். மெல்லிய நார்க்கயிறும் கோணி ஊசியும் போதும். வண்ணம் பூசுமுன்பே துளை போட்டுவிடுங்கள். தடித்த வண்ணத்தில் ஊசி ஏறினால் சுற்றிலும் வெடிக்கும். ஊசி வேலைக்கு ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களே சரி.

தோல் துண்டு ஒட்ட ஆசை இருந்தால் முழுதும் பதனிட்டு உலர்ந்த கழிவுத் துண்டுகளை மட்டும் வாங்குங்கள். குரோம் உப்பில் பதனிட்டு இன்னும் காயாத ஈரத்தோலைக் குழந்தைகள் தொடவே கூடாது.

முடிந்ததை மடிக்காதீர்கள். வண்ணப் பக்கம் வெளியே இருக்க, அகலமான பிவிசி குழாயில் சுற்றி, தையல் புடைக்கும் இடத்தில் பழைய வேட்டி ஒன்றை இடையில் வையுங்கள்.