மார்கழியில் போட்ட பலகை

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரத்தில் தச்சு வேலை பார்க்கிறவன் நான். மொட்டை மாடிக்கு மரம் வேண்டாம், மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகை போடுங்கள் என்று இப்போது சிலர் கேட்டு வருகிறார்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

காசிமேட்டுப் பக்கம் மாடியில் மரப் பெஞ்சு போட்டவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றில் முதலில் ஆணி துருப்பிடிக்கும். அந்த ஓட்டை வழியே மழைத்தண்ணீர் இறங்கும். அப்புறம் செல் அரிக்கும். பிளாஸ்டிக் பலகைக்கு இந்தத் தொல்லையும் இல்லை, வார்னிஷ் செலவும் இல்லை. வாங்கும்போது சாதாரண மரத்தைவிடக் கூடுதல் விலைதான். பராமரிப்பில்தான் அந்தக் காசு திரும்பி வரும். ஸ்க்ரூ மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்.

சரக்கும் நம் காயலான் கடைச் சரக்குதான். ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன் துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் மிதக்கும்; அதை அள்ளி உருக்கித்தான் பலகை வார்ப்பார்கள். பிவிசி குழாய்த் துண்டும் தண்ணீர் பாட்டில் துண்டும் அடியில் போய்விடும். பிவிசி கலந்தால், உருக்கும்போது அமிலப் புகை கிளம்பி இயந்திரத்தையே அரித்துவிடும்.

சரி, என் தவறையும் சொல்கிறேன். ஒரு மார்கழியில், மாடியின் இரு கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவே 3 மீட்டர் பலகைகளை இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. சித்திரையில் நடுவில் முதுகு தூக்கிக்கொண்டு நின்றன. 30 டிகிரி சூடு ஏறினால் இந்த நீளப் பலகை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். மரத்தில் பழகிய கைக்கு அது தோன்றவில்லை.

விறைப்பும் குறைவு, தேக்கில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். பரணில் போட்டு அரிசி மூட்டை ஏற்றினால் நாளாக நாளாகத் தொய்ந்துகொண்டே போகும். மரப் பலகைக்குக் கீழே 2 அடிக்கு ஒரு இரும்புச் சட்டம் தாங்க வைத்தால், இதற்கு நான் 1 அடிக்கு ஒன்று வைக்கிறேன். இரும்புச் செலவு இரட்டிப்பாகும். பலகை விலையை மட்டும் விசாரித்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2009இல் அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமில் இத்தகைய பிளாஸ்டிக்கில் கட்டிய பாலத்தில் டாங்கியே ஓடியது, உண்மைதான். அது அதற்கென்றே வார்த்த தடித்த உத்திரம். நம் கடைப் பலகை அல்ல.

அடுப்பங்கரைப் பக்கம் வேண்டவே வேண்டாம், எரிந்து சொட்டும். அறுக்கும் தூளையும் கூட்டி அள்ளிவிடுங்கள். விட்டால் மழையில் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும்.

அந்த மாடிப் பலகைகளைக் கழற்றி, நுனியை அறுத்து, இடைவெளி விட்டு மறுபடி பூட்டிக் கொடுத்தேன். இப்போது மார்கழி வந்தால் அந்தச் சந்தில் பிள்ளைகளின் பென்சில் விழுகிறதாம். வீட்டம்மா சண்டைக்கு வருகிறார். சித்திரை வரட்டும் அம்மா, சந்து தானாகக் குறுகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.